அம்மாவுக்கு எந்த போன் வாங்கலாம்? (பட்ஜெட் 8,000, வயது 71)

சாத்தூரான் | நவம்பர் 12, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்க வேண்டும், எட்டாயிரத்துக்குள். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும், சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும், பேட்டரி இரண்டு நாள் நிற்க வேண்டும். கேள்வி இவ்வளவுதான். பின்னணி தெரிந்தால் சரியாக யோசனை சொல்வீர்கள் என்று கொஞ்சம் நீட்டுகிறேன்.

அம்மா இருபத்தைந்து வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். அப்பா இல்லை. சாத்தூர் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறாள், நான் திருப்பூரில். அவளுக்கு பி.எஃப். பென்ஷன் ஆயிரத்துச் சொச்சம் வரும். ஜூன் மாதத்திலிருந்து வரவில்லை. எனக்குத் தீபாவளிக்குப் போனபோதுதான் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீயே கடன்ல இருக்க, ஒங்கிட்ட என்னத்தச் சொல்ல. சேத்துப் போடுவாங்கன்னு இருந்தேன்" என்கிறாள்.

வங்கியில் விசாரித்தேன். வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்று ஏறவில்லை. இ-சேவைக்குக் கூட்டிப்போய் விரல் வைத்தால் பத்து விரலும் எடுக்கவில்லை. ஆதார் ஓடிபி போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். ஆதாரில் இருக்கிற நம்பர் இப்போது அம்மாவிடம் இல்லை, ரீசார்ஜ் செய்யாமல் விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த நம்பருக்கு அடித்தால் யாரோ ஒரு பையன் இந்தியில் பேசுகிறான். நல்ல பையன் போல, மூன்று தடவை அடித்தும் கோபப்படவில்லை.

இப்போது அம்மா கையில் இருப்பது நான் வாங்கிக் கொடுத்த பட்டன் போன், சிம் என் பெயரில். ஸ்மார்ட்போன் இருந்தால் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கலாம் என்றார்கள். அதற்குத்தான் கேட்கிறேன்.

வெட்டிப்பேச்சு | நவம்பர் 12, இரவு 10:05

எட்டாயிரத்துக்கு 4ஜி போன் தாராளமாகக் கிடைக்கும். 6.5 இன்ச் திரை, 5000 பேட்டரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வாங்கியதும் எழுத்தளவைக் கடைசி வரை ஏற்றுங்கள், தேவையில்லாத ஆப் எல்லாவற்றையும் ஒளித்துவிடுங்கள், முதல் பக்கத்தில் உங்கள் படம் போட்ட கால் பட்டன் ஒன்று வையுங்கள்.

மற்றபடி எல்லாம் பழக்கம்தான். எங்கள் அப்பாயிக்கு 76. யூட்யூபில் பட்டிமன்றம் பார்க்கிறார், எனக்குத் தினம் குட்மார்னிங் படம் அனுப்புகிறார். பெரியவர்களால் முடியாது என்று நாம்தான் முடிவு கட்டிவிடுகிறோம். கற்றுக் கொடுங்கள், வரும்.

பாஸ்புக் | நவம்பர் 12, இரவு 10:51

தம்பி சாத்தூரான், அவசரப்பட்டு போன் வாங்காதீர்கள். நான் வங்கிக் கவுன்ட்டரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவன். நவம்பர் மாதக் கூட்டம் எனக்கு இன்னும் கனவில் வரும்.

உங்கள் அம்மாவின் சான்றுக்கு உங்கள் போனே போதும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் உயிர்வாழ் சான்று வந்தபோது விரல்ரேகைக் கருவியோ கண் கருவியோ இருந்தால்தான் வேலை ஆகும். 2021 நவம்பரில் முகம் காட்டுகிற முறையையும் சேர்த்தார்கள். ப்ளே ஸ்டோரில் ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் என்ற இரண்டு ஆப்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போன், கேமரா 5 மெகாபிக்சல் இருந்தால் ஆயிற்று. முதலில் உங்கள் ஆதாரையும் முகத்தையும் காட்டி நீங்கள் ஆபரேட்டர் ஆக வேண்டும். அப்புறம் அம்மாவின் ஆதார் எண், பி.பி.ஓ. எண் (பென்ஷன் உத்தரவில் இருக்கும் எண்), வங்கிக் கணக்கு எண். ஓடிபி நீங்கள் அதில் போடுகிற நம்பருக்கு வரும். ஆதாரில் செத்த நம்பர் இருப்பது இந்த ஒரு வேலைக்குத் தடையில்லை.

படம் எடுக்கும்போது வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் கூடாது. கண்ணைச் சிமிட்டச் சொல்லும். நம் பெரியவர்கள் போட்டோ என்றாலே கண்ணை அகட்டி வைத்துக்கொண்டு விறைப்பாக நிற்பார்கள், அதில்தான் பாதிப் பேருக்குத் தட்டிப்போகிறது.

இன்னொன்று. நவம்பர், நவம்பர் என்று ஊரே பதறுவது மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான கணக்கு. பி.எஃப். பென்ஷன்காரர்கள் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த தேதியிலிருந்து ஒரு வருஷம் செல்லும். அம்மா போன வருஷம் மே மாதவாக்கில் கொடுத்திருப்பார்கள், அதனால்தான் ஜூனில் நின்றிருக்கிறது. நின்ற பணம் எங்கும் போகாது. சான்று ஏறியதும் பாக்கியோடு வரும்.

சாத்தூரான் | நவம்பர் 12, இரவு 11:20

சார், ரொம்ப நன்றி. இது தெரியாமல் எட்டாயிரம் ரூபாய்க்குத் தவணை போடப் பார்த்தேன். இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.

ஆனால் அந்தப் பழைய நம்பர் எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் பயமாக இருக்கிறது. ஆதாரில் அது. வங்கியில் எதுவென்று தெரியவில்லை. ரேஷன் கார்டில்?

இசேவை_அக்கா | நவம்பர் 13, காலை 6:30

தம்பி, நீங்கள் கடைசியில் கேட்டதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். கடை திறப்பதற்கு முன்பே திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதில் மூன்று பேர் அறுபது தாண்டியவர்கள்.

விரல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டி ஆபீஸ், உப்பளம், செங்கல் சூளையில் இருந்தவர்கள், பனை ஏறியவர்கள், இவர்கள் விரலில் ரேகையே இருக்காது. தேய்ந்த காசு மாதிரி வழவழ என்றிருக்கும். ஈரத்துணியில் துடைத்து வைக்கச் சொல்வேன். சிலர் சொல்லாமலே விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டு வைப்பார்கள், ரேஷன் கடையில் பழகியது. எல்லோரும் கட்டைவிரலையே நீட்டுவார்கள். வேலையில் தேய்ந்தது அதுதானே? மோதிர விரலில் வைத்துப் பாருங்கள், சில நேரம் எடுக்கும்.

இப்போது நம்பர். ஆரம்பத்தில் பாட்டிமார்கள் வந்து, "எனக்கு ஏது போனு, ஒன் நம்பரப் போடு தாயி" என்பார்கள். நானும் போட்டுவிடுவேன். அப்படி என் கடை நம்பர் ஏறிய ஆதார் அட்டைகள் முப்பதுக்குக் குறையாது. உதவி என்றுதான் நினைத்துச் செய்தேன்.

ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு ஓடிபி ஒன்று வந்தது. ஐந்து நிமிஷத்தில் ஒரு கால். "அக்கா, எங்க பாட்டிக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும், அந்த நம்பரச் சொல்லுங்க." தெரிந்த குரல்தான், பேரன். எதற்கு என்றேன். பென்ஷன் வேலை என்றான். ராத்திரி பதினொரு மணிக்கு என்ன பென்ஷன் வேலை? காலையில் பாட்டியைக் கூட்டிக்கொண்டு வா என்று வைத்துவிட்டேன். பாட்டியும் வரவில்லை, பேரனும் வரவில்லை. பாட்டி பேரில் ஏதோ ஆப்பில் கடன் வாங்கப் பார்த்திருக்கிறான் என்று பின்னால் அவன் அம்மாவே வந்து சொல்லி அழுதார். அன்று எனக்கு உண்மையில் உடம்பு நடுங்கியது. முப்பது பேருடைய சாவி என் டிராயரில் கிடக்கிறது, நான் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் அவர்கள் கதி என்ன?

அதற்கப்புறம் யாருக்கும் என் நம்பரைப் போடுவதில்லை. வருகிற பெரியவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி ரேஷன் கார்டு கவருக்குள் செருகிவிடுகிறேன். இப்படி:

ஆதார்: செத்த நம்பர், கடைசி 417
பேங்க்: மகள், தூத்துக்குடி
ரேஷன்: பக்கத்து வீட்டு அண்ணாச்சி
கேஸ்: யாரென்று தெரியவில்லை

சிரிக்காதீர்கள், முக்கால்வாசிச் சீட்டு இப்படித்தான் இருக்கும். ஆதாரில் எந்த நம்பர் என்பதை ஆதார் வெப்சைட்டில் மொபைல் சரிபார்ப்பு என்ற இடத்தில் பார்த்தால் கடைசி மூன்று எண் காட்டும். மற்றதை ஒவ்வொரு இடமாகக் கேட்கத்தான் வேண்டும். சிலிண்டர் கொண்டு வருகிற தம்பி நம்பர் கேட்பானே, அந்த மெசேஜ் யார் போனுக்குப் போகிறது என்று கேளுங்கள், கேஸ் நம்பர் தெரிந்துவிடும்.

ஊருக்குப் போனால் முதலில் அந்தச் சீட்டை எழுதுங்கள்.

வெட்டிப்பேச்சு | நவம்பர் 13, காலை 9:15

அக்கா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் ஒரு எதிர்க்கேள்வி. ஒவ்வொரு வேலைக்கும் இ-சேவை, போஸ்ட்மேன், மகன், பேரன் என்று அடுத்தவரை நம்பியே இருந்தால் இந்தப் பேரன் கதைதானே திரும்பத் திரும்ப நடக்கும்? அந்தப் பாட்டியிடம் சொந்தமாக ஒரு போனும் அதைப் பார்க்கத் தெரிவதும் இருந்திருந்தால் அவன் பேச்சே எடுபட்டிருக்காது. ஒரு வருமானச் சான்றிதழுக்கு 60 ரூபாய், பஸ் செலவு, ஒரு நாள் கூலி. இதையெல்லாம் வீட்டிலிருந்தே செய்யலாமே. சுயமாக நிற்கக் கற்றுக் கொடுப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறேன்.

மில்_ஷிப்டு | நவம்பர் 13, மதியம் 2:40

இதை நான் எழுதவில்லை, பேசுகிறேன். போன் எழுதுகிறது. எங்காவது பென்ஷன் என்பது டென்ஷன் என்று விழுந்திருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 68 வயதுங்க. கோயம்புத்தூரில் மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தேன். ஆண்டு அனுபவித்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

வெட்டிப்பேச்சு தம்பி சொல்கிற மாதிரி கற்றுக்கொள்ள முடியும். நானே அறுபத்து நாலு வயதில் கற்றவன். ஆனால் என் மகனிடம் இல்லை. மகனிடம் கேட்டால் "கொடுங்கப்பா" என்று வாங்கி, நாலு தட்டுத் தட்டி, "முடிஞ்சுது" என்று திருப்பித் தருவான். வேலை முடிந்துவிடும், எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மறுபடி கேட்கக் கூச்சம். எனக்குச் சொல்லிக் கொடுத்தது டீக்கடையில் டம்ளர் கழுவுகிற பையன். வெளி மாநிலம், தமிழ் அரைகுறை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். "தாத்தா நீங்க, தாத்தா நீங்க" என்பான். நான் தப்பாக அழுத்தினாலும் கை நீட்ட மாட்டான். மூன்று மாதம், தினம் ஒரு டீ நேரம்.

ஓடிபி பற்றியும் சொல்கிறேன். மெசேஜ் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். நான் கண்ணாடி போட்டு, மெசேஜைத் தேடித் திறந்து, ஆறு எண்ணை மனப்பாடம் செய்து, பழைய இடத்துக்குத் திரும்பினால் நேரம் முடிந்தது என்று சொல்லும். இப்போது பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறேன். கஸ்டமர் கேருக்கு அடித்தால் ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்று அந்தப் பெண் சொல்கிற வேகத்துக்கு நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பட்டனைத் தேடுவதற்குள் "தவறான தேர்வு" என்கிறது. என் தேர்வு தவறா? நான் இன்னும் தேர்வு செய்யவே இல்லையே.

அப்புறம் தீனி. போன் வாங்குவது ஒரு நாள் செலவு, அதற்குத் தீனி போடுவது மாதாமாதம். அந்த மாதமும் 28 நாள். வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம் வருகிறது, என் பென்ஷனுக்கு மட்டும் பன்னிரண்டுதான்.

வெட்டிப்பேச்சு | நவம்பர் 13, மதியம் 3:02

ஐயா, நானும் அந்த "கொடு அப்பாயி" கட்சிதான். குட்மார்னிங் படம் அனுப்புவதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது சித்தி மகள், நான் இல்லை. வாபஸ்.

பாஸ்புக் | நவம்பர் 13, மாலை 5:30

மில் ஐயா சொன்ன தீனிக்கு ஒரு தகவல். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கும் டேட்டாவைச் சேர்த்தே விற்றுக்கொண்டிருந்தார்கள் அல்லவா? 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஒரு திருத்தம் போட்டது, பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் கொடுத்தே ஆக வேண்டும், 365 நாள் வரை கொடுக்கலாம் என்று. முதியவர்களை மனதில் வைத்தும்தான் அதைச் செய்தார்கள். 2025 ஜனவரியில் பேக்குகள் வந்தன. அப்போது ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, வருஷத்துக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. இப்போது என்ன விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்டால் டேட்டா பேக்கைத்தான் முதலில் நீட்டுவார்கள், "பேச மட்டும்" என்று அழுத்திக் கேட்க வேண்டும்.

மலிவா என்றால், இல்லை. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில்தான் ஆயிரத்திலிருந்து 1,200 ஆனது. பி.எஃப். பென்ஷனின் குறைந்தபட்சம் 2014லிருந்து ஆயிரத்திலேயே நிற்கிறது. அந்தக் கையில் ஒரே தடவையாக 1,800 ரூபாய் எடுத்து வை என்றால் யார் வைப்பார்கள்? சில்லறையாகச் செய்தால் மொத்தத்தில் கூடப் போகும், மொத்தமாகச் செய்யக் கையில் காசு இருக்காது. அரிசி வாங்குவதிலும் இதே கதைதானே. அதனால் மகன் மகள் யாராவது வருஷ பேக்கைப் போட்டுவிடுவது நல்லது. நம்பர் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம். 90 நாள் உபயோகம் இல்லாமல், பேலன்ஸும் இல்லாமல் கிடந்தால் கம்பெனி இணைப்பை எடுத்துவிடலாம், பிறகு அது இன்னொருவருக்குப் போய்விடும். சாத்தூரானின் இந்திப் பையன் வந்த வழி அதுதான்.

தபால்பை | நவம்பர் 13, இரவு 8:12

நான் கிராம அஞ்சல் ஊழியர். சாத்தூரான் அண்ணா ஊருக்குப் போக முடியாமல் போனாலும் கவலை இல்லை. போஸ்ட் ஆபீஸில் சொல்லி வைத்தால் எங்களில் ஒருவர் வீட்டுக்கே போய் உயிர்வாழ் சான்று எடுப்போம். பலருக்குத் தெரியாத இன்னொன்று, ஆதாரில் மொபைல் நம்பர் மாற்றுவதையும் நாங்கள் செய்கிறோம். 2021லிருந்து இருக்கிறது.

பெருமைக்குச் சொல்லவில்லை, கஷ்டமும் உண்டு. கையில் ஒரு போன், ஒரு ரேகைக் கருவி, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒயர். டவர் இல்லாத வீட்டில் பெரியவரைக் கட்டிலோடு தூக்கி வாசலுக்குக் கொண்டு வந்து எடுத்திருக்கிறோம். ஒரு ஆத்தா, தொண்ணூறு இருக்கும், கண் சிமிட்டச் சொன்னதற்குக் கண்ணை மூடினவர் மூடினபடியே தூங்கிவிட்டார். அரைமணி நேரம் காத்திருந்து காபி குடித்துவிட்டு எடுத்தோம்.

வைகைக்கரை | நவம்பர் 14, காலை 7:48

எங்கள் அப்பத்தா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அங்கே 2023லிருந்து போனில் போட்டோ எடுத்தால்தான் வருகைப் பதிவு, காலையில் ஒரு தடவை, பிறகு ஒரு தடவை. சிக்னலுக்காக மேட் (வேலையைக் கண்காணிப்பவர்) போனைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரை ஏறி நிற்பார். 2024லிருந்து சம்பளமும் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான். ஆக, போனே வைத்திருக்காத கிழவியின் கூலி மூன்று பேர் போனைத் தாண்டி வருகிறது. அப்பத்தா எங்களிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான், "எங்காசு இப்ப யாரு போன்ல இருக்கு?"

ரேஷனுக்கு ஒரு விஷயம். வயதாகித் தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு வீட்டு வாசலுக்கே பொருள் கொண்டு வருகிற தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. சாத்தூரான் அம்மாவுக்குப் பொருந்தும், கேட்டுப் பாருங்கள். கடைக்கு நடக்க முடியாதவர்கள் வேறொருவரை அங்கீகரித்து அனுப்பவும் படிவம் இருக்கிறது.

சம்பந்தமில்லாமல் ஒன்று. அப்பத்தாவுக்கு எல்லாவற்றிலும் பிடித்த திட்டம் இலவச பஸ்தான். ஏறினால் டிக்கெட். ஆதார் கேட்பதில்லை, விரல் கேட்பதில்லை, ஓடிபி கேட்பதில்லை. திட்டம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

வக்கீல்_குமாஸ்தா | நவம்பர் 14, காலை 11:10

கண் சிமிட்டுவது பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் கேஒய்சிக்குக் கண் சிமிட்ட முடியவில்லை என்று போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையான 21ஆம் பிரிவுக்குள் வரும், சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும் என்று. விரல் பொருந்தவில்லை என்பதற்காக ஒருவருக்கு உரியதை மறுக்கக் கூடாது, வேறு அடையாளம் பார்க்க வேண்டும் என்பது 2018 ஆதார் தீர்ப்பிலேயே பேசப்பட்டதுதான். கவுன்ட்டரில் "சிஸ்டம் எடுக்கலை" என்றால், "எழுத்தில் கொடுங்கள்" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சில நேரம் சிஸ்டம் எடுத்துவிடும்.

மட்டுறுத்துநர் | நவம்பர் 14, மதியம் 12:00

உதவி செய்வதாக ஒருவர் இங்கே போட்டிருந்த போன் நம்பரையும் ஆப் லிங்க்கையும் நீக்கியிருக்கிறேன். யாராவது அதை ஏற்கெனவே தொட்டுப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அடியுங்கள். முதியோர் உதவிக்கு 14567. இந்த இழையில் ஆதார் எண், பி.பி.ஓ. எண் எதையும் எழுத வேண்டாம்.

சாத்தூரான் | நவம்பர் 17, இரவு 10:15

போய்விட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை முற்றத்தில் நாற்காலி போட்டேன். போட்டோ எடுக்கப் போகிறோம் என்று சொன்னதுதான் தாமதம், அம்மா உள்ளே போய்ச் சேலை மாற்றி, பவுடர் போட்டு, விபூதி இட்டுக்கொண்டு வந்தாள். முதல் தடவை வெளிச்சம் போதவில்லை. இரண்டாவது தடவை பாஸ்புக் சார் சொன்ன மாதிரியே கண்ணை அகட்டி வைத்துக்கொண்டாள். சிமிட்டும்மா என்றேன். "உசுரோட இருக்கேன்னு காட்ட கண்ணடிக்கணுமாக்கும்" என்று சிரித்தாள், சிரித்ததில் கண் மூடித் திறந்தது, பச்சை வட்டம் வந்துவிட்டது. இரண்டு நிமிஷ வேலை. இதற்கு ஐந்து மாதம் பென்ஷன் இல்லாமல் இருந்திருக்கிறாள். அந்த ஐந்து மாதமும் எதை வைத்துச் சமாளித்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அக்கா, சீட்டு எழுதிவிட்டேன். ஆதார்: இந்திப் பையன். பேங்க்: என்னுடைய பழைய நம்பர், நானே ரத்து செய்தது. ரேஷன்: மாமா. கேஸ்: அப்பாவின் நம்பர். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்த நம்பருக்கு அடித்துப் பார்க்க வேண்டும் என்று கை போனது. அடிக்கவில்லை.

ஆதாரில் நம்பர் மாற்ற உள்ளூர் போஸ்ட்மேனிடம் சொல்லியிருக்கிறேன், இந்த வாரம் வருவார். வங்கிக்கு அம்மாவையே கூட்டிப்போய் மாற்றியாயிற்று. சிம்மை அவள் பெயருக்கு மாற்றப் போனால் அங்கும் விரல் எடுக்கவில்லை, இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கிறார் கடைக்காரர். வருஷ பேக் போட்டுவிட்டேன், பேச மட்டும். போன் வாங்கவில்லை. பட்டன் போனே இருக்கட்டும் என்றாள். ஆனால் மில் ஐயா சொன்னது போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, மெசேஜை எப்படித் திறப்பது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். நாலு தடவை கை முன்னால் வந்துவிட்டது. கஷ்டம்தான்.

இசேவை_அக்கா | நவம்பர் 18, காலை 6:20

நல்லது தம்பி. சீட்டில் தேதி போடுங்கள். நம்பர் மாற மாற அடித்து எழுத இடம் விடுங்கள். பேங்க் மிஷினில் விரல் வைத்துப் பணம் எடுத்தால் ரசீது வாங்கச் சொல்லுங்கள், மாதம் ஒரு தடவை பாஸ்புக்கில் பதிவு போடச் சொல்லுங்கள். பேப்பரில் இருப்பதுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும் கணக்கு.

மில்_ஷிப்டு | நவம்பர் 18, காலை 10:05

கை முன்னால் வராமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு டம்ளர் டீயைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாத்தூரான் | டிசம்பர் 30, இரவு 9:05

பழைய இழையை மேலே கொண்டு வருவதற்கு மன்னிக்கவும். ஒரு சின்னக் கேள்வி இருக்கிறது.

நேற்று முன்தினம் அம்மா போனில் மெசேஜ் சத்தம் கேட்டிருக்கிறது. தானே திறந்துவிட்டாள். இங்கிலீஷில் இருந்ததால் போனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புப் பையனிடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். தெருவில் இரண்டு பேர் கூடிவிட்டார்கள். பையன் எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறான். காலர் ட்யூன் விளம்பரம்.

நேற்று வந்ததுதான் பென்ஷன் மெசேஜ், பாக்கி எல்லாம் சேர்த்து. அதையும் விளம்பரம் என்று நினைத்துத் திறக்காமல் விட்டிருக்கிறாள். இன்று பாஸ்புக் பதிவு போட்டபோதுதான் தெரிந்தது. இந்த விளம்பர மெசேஜ்களை நிறுத்த என்ன வழி?

பாஸ்புக் | டிசம்பர் 30, இரவு 9:31

அவர்கள் போனிலிருந்தே 1909க்கு அடிக்க வேண்டும், இலவசம். அதுவும் ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்றுதான் பேசும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து போடச் சொல்லுங்கள். டீ டம்ளரோடு.